எத்தனை மடங்கு வேகம்?
கிராபிக்ஸ் கார்டுகளை அளந்த வரலாறு

வேலூருக்குத் தெற்கே உள்ள கணியம்பாடியில் நின்று தென்மேற்குத் திசையை நோக்கினால் ஜவ்வாது மலைத் தொடர் கண்ணுக்குத் தெரியும். அத்தொடரின் மேற்குப் பகுதியில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், 1968-ஆம் ஆண்டு முதல் விண்ணை ஆராய்ந்துவரும் வானியல் நிலையம் ஒன்று இருக்கிறது. இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த இந்நிலையத்தில் 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1986 சனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். நிலையத்தை உருவாக்கிய வைணு பாப்புவின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. இவற்றைப் பலரும் அறிவர். ஆனால் 1980-களில் அந்த மலையில் ஒரு கணிப்பொறியும் இரவு பகலாக உழைத்தது என்பதை அறிந்தவர் சிலரே.

அதன் பெயர் வாக்ஸ் 11/780. விண்மீன்களின் நிறமாலைகளைப் பகுத்துக் கணக்கிடும் பணி அதனுடையது. அதற்கென ‘ரெஸ்பெக்ட்’ என்னும் செயல்திட்டத் தொகுதியைப் பிரபு, அனுபமா, சுனேத்ரா கிரிதர் ஆகிய மூன்று வானியலாளர்கள் 1987-இல் வெளியிட்டனர்.

மலைமேல் ஒரு கணிப்பொறி இருந்ததில் என்ன புதுமை என்று கேட்கிறீர்களா? புதுமை இருக்கிறது. உலகக் கணிப்பொறிகளின் வேகத்தையெல்லாம் நிறுத்துப் பார்க்க எடைக்கல்லாகப் பயன்பட்ட மாதிரி அதுதான். இன்று கடைகளில் விற்கும் கிராபிக்ஸ் கார்டுகளின் விளம்பரங்களில் ‘பழையதைவிட இரு மடங்கு’, ‘நான்கு மடங்கு’ என்று காண்கிறோம் அல்லவா? அந்த ‘மடங்கு’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை அறிய இந்த எடைக்கல்லின் கதை நமக்கு உதவும். பொறியியல் படிக்கும் மகளுக்காகக் கடன் வாங்கிக் கணிப்பொறி வாங்கும் தந்தைக்கும், ஆய்வுக்கூடத்திற்கு இருபது கார்டுகள் வாங்கும் கல்லூரிக்கும் அந்த ஒரு சொல்லில் பல ஆயிரம் ரூபாய் அடங்கியிருக்கிறது.

எடைக்கல் ஆன பொறி

அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன் வாக்ஸ் 11/780-ஐ 1977 அக்டோபரில் அறிமுகம் செய்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் 370/158 என்னும் பெரிய கணிப்பொறி அப்போது நொடிக்குப் பத்து இலட்சம் கட்டளைகளை நிறைவேற்றும் பொறி எனப் பெயர் பெற்றிருந்தது. ஏறக்குறைய அதே வேலையை அதே நேரத்தில் வாக்ஸும் முடித்தது. ஆகவே அதற்கும் ‘பத்து இலட்சம் கட்டளை’ப் பொறி என்ற பட்டம் கிடைத்தது. பின்னர் வந்த பொறிகளை ‘இது வாக்ஸைப் போல் 5 மடங்கு, அது 10 மடங்கு’ என்று சொல்லும் வழக்கம் பரவியது.

1984-இல் ஜோயல் எமர், டக்ளஸ் கிளார்க் என்னும் இரு பொறியாளர்கள் அப்பொறி உண்மையில் என்ன செய்கிறது என்று உள்ளே கருவி பொருத்தி அளந்தனர். வாக்ஸின் துடிப்பு நொடிக்கு 50 இலட்சம். ஒரு கட்டளையை முடிக்கச் சராசரியாக 10.6 துடிப்புகள் ஆயின. வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு 5 இலட்சத்திற்கும் குறைவான கட்டளைகளே! பத்து இலட்சம் எனப் பெயர் பெற்ற பொறி அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

அப்படியானால் அது ஏமாற்று வேலையா? இல்லை. வாக்ஸின் ஒரு கட்டளை, பிற பொறிகளின் ஒரு கட்டளையைவிட அதிக வேலையைச் செய்தது. ஒருவன் சிறு கூடையில் பத்து நடை மண் சுமக்கிறான்; மற்றொருவன் பெருங்கூடையில் ஐந்து நடை சுமக்கிறான். நடையை எண்ணினால் முன்னவன் வல்லவன். குவிந்த மண்ணை அளந்தால் இருவரும் சமம். கணிப்பொறியை அளப்பதில் முதற்பாடம் இதுதான்: நடையை எண்ணாதே, முடிந்த வேலையை அள.

இந்தப் பாடத்தை ஏற்று, 1988-இல் கணிப்பொறி நிறுவனங்கள் சில கூடி ‘ஸ்பெக்’ என்னும் அமைப்பை ஏற்படுத்தின. 1989-இல் அது பத்து உண்மையான செயல்திட்டங்களைத் தேர்ந்தெடுத்து, எந்தப் பொறி அவற்றை எவ்வளவு நேரத்தில் முடிக்கிறது என்று அளக்கத் தொடங்கியது. ஒப்பிடுவதற்கு அடிப்படையாக வைத்துக்கொண்ட பொறி எது தெரியுமா? வாக்ஸ் 11/780. காவலூரில் விண்மீன்களைக் கணக்கிட்ட அதே மாதிரிதான்.

படம் வரையும் பொறி

இனி கிராபிக்ஸ் கார்டுக்கு வருவோம். கணிப்பொறித் திரையில் தெரியும் படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. ஐ.பி.எம். 1981-இல் வெளியிட்ட முதல் வண்ண அட்டை 320 × 200 புள்ளிகளை நான்கு நிறங்களில் காட்டியது. 1987-இல் வந்த வி.ஜி.ஏ. 640 × 480 புள்ளிகளை 16 நிறங்களில் காட்டியது. இக்காலத்துச் சாதாரணத் திரையில் 1920 × 1080, அதாவது 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் உள்ளன. அசையும் படமாயின் நொடிக்கு 60 முறை இவற்றை மாற்றி வரைய வேண்டும். பெருக்கினால் நொடிக்கு 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகள்! ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம், ஒளி, நிழல் என்று பல கணக்குகள் வேறு.

கணிப்பொறியின் மூளையாகிய மையச் செயலகம் இவற்றை ஒவ்வொன்றாகச் செய்தால் கட்டுப்படியாகாது. ஆனால் இக்கணக்குகளில் ஒரு வசதி உண்டு. ஒரு புள்ளியின் கணக்கு பெரும்பாலும் மற்றொரு புள்ளியின் விடைக்காகக் காத்திருப்பதில்லை. வயலில் நாற்று நடுவதைப் போல, ஆள் சேரச் சேர வேலை விரைவில் முடியும். இதற்கெனவே தனி அட்டை பிறந்தது. 1996-இல் வெளிவந்த ‘வூடூ’ முப்பரிமாணப் படங்களை வீட்டுக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தது. 1999-இல் ‘ஜிபோர்ஸ் 256’ வந்தது. அதன் சில்லில் 2 கோடியே 30 இலட்சம் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 2006-இல் வந்த ‘ஜிபோர்ஸ் 8800 ஜி.டி.எக்ஸ்.’ கார்டில் 128 சிறு கணக்கர்கள் ஒரே சமயத்தில் வேலை செய்தனர். 2007-இல் ‘குடா’ என்னும் மென்பொருள் வழியாக அந்தக் கணக்கர்களைப் படம் வரைவதற்கு மட்டுமன்றி விஞ்ஞானக் கணக்குகளுக்கும் பயன்படுத்த முடிந்தது. பொம்மை விளையாட்டுக்குப் பிறந்த அட்டை ஆய்வுக்கூடத்தினுள் நுழைந்தது இவ்வாறுதான்.

வினாத்தாளை முன்பே அறிந்த மாணவன்

தேர்வு என்று ஒன்று வந்தால் வினாத்தாளை முன்கூட்டி அறிய முயல்வோரும் வருவர். 1989-இல் ஸ்பெக் தேர்ந்தெடுத்த பத்துத் திட்டங்களுள் ‘மேட்ரிக்ஸ் 300’ என்பது ஒன்று. எண் அட்டவணைகளைப் பெருக்கும் சிறு கணக்கு அது. அக்கணக்கை மட்டும் மிகத் திறமையாக மாற்றியமைக்கும் கம்பைலர்கள் விரைவில் வந்துவிட்டன. பொறி அதுவே, வினாவும் அதுவே. மதிப்பெண் மட்டும் பல மடங்கு உயர்ந்தது. 1992-இல் ஸ்பெக் அந்த வினாவையே நீக்கிவிட்டது.

கிராபிக்ஸ் கார்டுகளிலும் இது நடந்தது. 2001-இல் ‘ரேடியான் 8500’ கார்டை ‘குவேக் 3’ என்னும் விளையாட்டைக் கொண்டு பலரும் சோதித்தனர். விளையாட்டின் கோப்புப் பெயரில் ஓரிரு எழுத்தை மாற்றி ‘குவாக்’ என்று ஆக்கினார்கள் சிலர். உடனே வேகம் குறைந்தது; படம் தெளிவாயிற்று! கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள், பெயரைப் பார்த்தே படத்தின் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியிருந்தது. 2003 மே மாதத்தில் ‘3டி மார்க் 03’ என்னும் சோதனையை உருவாக்கிய பியூச்சர்மார்க் நிறுவனமும் இப்படியொரு குற்றச்சாட்டை எழுப்பியது. என்விடியாவின் டிரைவர் தன் சோதனையை அடையாளம் கண்டு நடந்துகொள்வதாகவும், அதைத் தடுத்தபோது ‘ஜிபோர்ஸ் எப்.எக்ஸ். 5900 அல்ட்ரா’வின் மதிப்பெண் ஏறக்குறைய 24 விழுக்காடு குறைந்ததாகவும் அறிவித்தது. அடுத்த மாதமே இரு நிறுவனங்களும் கூட்டறிக்கை விட்டு, அது ஏமாற்று அன்று, குறிப்பிட்ட செயல்திட்டத்திற்கான மேம்பாடு என்று முடித்துக்கொண்டன.

பெயர் எதுவாயினும் நமக்குப் பாடம் ஒன்றே. நீங்கள் செய்யப்போகும் வேலை வேறு, சோதனையில் ஓடிய வேலை வேறு என்றால் அந்த மதிப்பெண் உங்களுக்கு உரியதன்று.

சராசரி செய்யும் சூழ்ச்சி

யாரும் ஏமாற்றாத இடத்திலும் கணக்கே நம்மை ஏமாற்றக்கூடும். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘அ’ என்னும் கார்டு முதல் வேலையை 10 நொடியிலும் இரண்டாம் வேலையை 40 நொடியிலும் முடிக்கிறது. ‘ஆ’ என்னும் கார்டு இரண்டையும் தலா 20 நொடியில் முடிக்கிறது.

‘அ’வை எடைக்கல்லாகக் கொள்வோம். ‘ஆ’ முதல் வேலைக்கு 2 பங்கு நேரமும், இரண்டாவதற்கு அரைப் பங்கு நேரமும் எடுக்கிறது. சராசரி 1.25. எனவே ‘ஆ’ மந்தமானது! இப்போது ‘ஆ’வை எடைக்கல்லாகக் கொள்வோம். ‘அ’ முதல் வேலைக்கு அரைப் பங்கும், இரண்டாவதற்கு 2 பங்கும் எடுக்கிறது. சராசரி மீண்டும் 1.25. எனவே ‘அ’ மந்தமானது! ஒரே அளவைகளிலிருந்து எதிரெதிரான இரண்டு தீர்ப்புகள். 1986-இல் பிளெமிங், வாலஸ் என்னும் இருவர் இப்பிழையை விளக்கி, விகிதங்களைச் சராசரி காணப் பெருக்கல் சராசரியே பொருந்தும் என்று காட்டினர். நம் எடுத்துக்காட்டில் 2-ஐ அரையால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் 1. அதாவது இரண்டும் சமம். எந்தக் கல்லை வைத்து நிறுத்தாலும் தீர்ப்பு மாறாது. ஸ்பெக் அமைப்பும் இம்முறையையே கைக்கொண்டது. ஆயினும் உங்கள் வேலை இரண்டாவது வகை மட்டுமே என்றால், உங்களுக்கு ‘ஆ’தான் இரு மடங்கு வேகம். சராசரியில் அது தெரியாது.

சராசரி மறைக்கும் மற்றொன்றும் உண்டு. ஒரு நொடியில் 60 படங்கள் என்றால் கண்ணுக்கு இதமாக ஓடும் என்று எண்ணுகிறோம். ஆனால் 59 படங்கள் தலா 10 மில்லிநொடியிலும், எஞ்சிய ஒன்று மட்டும் 410 மில்லிநொடியிலும் வரையப்பட்டால் என்ன ஆகும்? கூட்டினால் சரியாக ஒரு நொடி. கணக்குக்கு அதுவும் 60 படங்களே. பார்ப்பவருக்கோ படம் அரை நொடி அளவுக்கு உறைந்து நின்றுவிடும். 2011-இல் ஸ்காட் வாசன் என்னும் சோதனையாளர் இதை எடுத்துக்காட்டிய பிறகே, ஒவ்வொரு படத்திற்கும் ஆன நேரத்தைத் தனித்தனியே அளக்கும் வழக்கம் பரவியது.

இரண்டு கார்டுகள், மூன்று விடைகள்

இப்போது பழையது ஒன்றையும் புதியது ஒன்றையும் தராசில் ஏற்றுவோம். பழையது 2012 தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த ‘ரேடியான் எச்.டி. 7970’. புதியது 2023-இல் வந்த ‘ஜிபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 4060’. இடையில் பதினொரு ஆண்டுகள். பழைய சில்லில் 431 கோடி டிரான்சிஸ்டர்கள். புதியதில் 1,890 கோடி.

முதல் கேள்வி: சாதாரணக் கணக்கில் எது வேகம்? பழையதில் 2,048 கணக்கர்கள். துடிப்பு நொடிக்கு 92.5 கோடி, ஒவ்வொருவரும் ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் செய்யலாம். மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு உச்ச அளவாக 3.79 இலட்சம் கோடிக் கணக்குகள். புதியதில் 3,072 கணக்கர்கள். துடிப்பு 246 கோடி. அதே முறையில் 15.1 இலட்சம் கோடி. ஆகவே புதியது 4 மடங்கு வேகம்.

இரண்டாவது கேள்வி: எண்களை நினைவகத்திலிருந்து கொண்டுவருவதில் எது வேகம்? பழையது நொடிக்கு 264 கிகாபைட். புதியது 272 கிகாபைட். மூன்று விழுக்காடுதான் வேறுபாடு! நெல் அரவை ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆலையில் எந்திரங்களை நான்கு மடங்காக்கிவிட்டோம்; நெல் ஏற்றிவரும் வண்டிகளைக் கூட்டவில்லை. ஒரு மூட்டையில் நெடுநேர வேலை இருந்தால் ஆலை நன்கு ஓடும். மூட்டைக்கு ஒரு சுற்றுத்தான் வேலை என்றால் எந்திரங்கள் வண்டிக்காகக் காத்துக் கிடக்கும். இரண்டு நீண்ட எண் வரிசைகளைக் கூட்டி மூன்றாவதாக எழுதி வைக்கும் வேலை அத்தகையது. அதில் இரு கார்டுகளும் ஏறக்குறைய சமமே. இக்குறையை ஈடுசெய்யத்தான் புதிய சில்லினுள்ளேயே 24 மெகாபைட் கிடங்கு ஒன்றை வைத்தார்கள். பழையதில் அது ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. அடிக்கடி தேவைப்படும் எண்கள் அக்கிடங்கில் அடங்கினால் புதியது முந்தும், அடங்காவிட்டால் முந்தாது.

மூன்றாவது கேள்வி வானியலாருக்கு உரியது: துல்லியக் கணக்கில் எது வேகம்? சாதாரணக் கணக்கு 32 பிட்டுகளில் நடப்பது. ஏறக்குறைய ஏழு இலக்கங்களுக்குத்தான் நம்பகம். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள 15 கோடி கிலோமீட்டரை அவ்வாறு குறித்தால், அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடையே 16 கிலோமீட்டர் இடைவெளி விழும். வேலூருக்கும் கணியம்பாடிக்கும் உள்ள வேறுபாட்டையே சொல்ல முடியாது! 64 பிட்டுகளில் குறித்தால் அவ்விடைவெளி சுமார் 0.03 மில்லிமீட்டராகச் சுருங்கும். கோள்களின் பாதையை நெடுங்காலத்திற்குக் கணக்கிடுவோர்க்கு இந்த இரட்டைத் துல்லியம் தேவை. பழைய கார்டு இக்கணக்கைத் தன் சாதாரண வேகத்தில் நான்கில் ஒரு பங்கில் செய்கிறது: நொடிக்கு 94,700 கோடி. புதிய கார்டோ 64-இல் ஒரு பங்கில் செய்கிறது: 23,600 கோடி. வீட்டு உபயோகத்திற்கான சில்லில் இடம் மிச்சம் பிடிப்பதற்காக இவ்வசதியைக் குறைத்துவிட்டார்கள். எனவே இங்கே பழையதுதான் 4 மடங்கு வேகம்!

புதியது நான்கு மடங்கு, இரண்டும் சமம், பழையது நான்கு மடங்கு. மூன்று விடைகளும் உண்மை. ‘எது வேகம்?’ என்று மட்டும் கேட்பவருக்கு விடை இல்லை, ‘எந்த வேலைக்கு?’ என்று சேர்த்துக் கேட்பவருக்கே விடை உண்டு.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

அப்படியானால் பழைய கார்டையே தேடிப் பிடித்து வாங்கலாமா? அவசரப்பட வேண்டாம். வேகம் மட்டுமே செலவன்று. பழையதன் மின்தேவை 250 வாட். புதியதற்கு 115 வாட். நாளுக்கு நான்கு மணி நேரம் முழு அளவில் ஓடினால், 30 நாட்களில் பழையது 30 யூனிட் மின்சாரமும் புதியது 13.8 யூனிட்டும் தின்னும். நினைவகம் பழையதில் 3 கிகாபைட், புதியதில் 8 கிகாபைட். உங்கள் வேலைக்கு 6 கிகாபைட் தேவை என்றால் பழையதில் அது மந்தமாக ஓடும் என்பதன்று. பல சமயம் ஓடவே ஓடாது.

இன்னும் ஒன்று உண்டு. கார்டு பழுதாகாமலே பயனற்றுப் போகலாம். எச்.டி. 7970-க்குப் புதிய டிரைவர்கள் வெளியிடுவதை அதன் நிறுவனம் 2021-இல் நிறுத்திவிட்டது. 2025-இல் வந்த குடா 13, 2016-ஆம் ஆண்டின் ‘ஜி.டி.எக்ஸ். 1080’ முதலிய கார்டுகளைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. சில்லு நலமாக இருக்கும். அதனுடன் பேசும் மென்பொருள் இராது. பழைய கார்டு வாங்குவோர் விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும்.

புதிய கார்டு வாங்குவோர்க்கும் ஓர் எச்சரிக்கை. ஆர்.டி.எக்ஸ். 4060 கணிப்பொறியின் தாய்ப்பலகையுடன் எட்டுப் பாதைகளால் மட்டுமே இணைகிறது. பழைய தலைமுறைப் பலகையில் செருகினால் ஒவ்வொரு பாதையின் வேகமும் பாதியாகிவிடும். மையச் செயலகமும் பழையதாயின், கார்டு அதற்காகக் காத்திருக்கும். புதிய கணிப்பொறியில் எடுத்த அளவை வைத்துப் பழைய கணிப்பொறிக்குக் கார்டு தேர்ந்தெடுப்பது பிறர் காலுக்கு அளவெடுத்து நமக்குச் செருப்புத் தைப்பது போலாகும்.

ஆகவே, வாசகர்களே, கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதிக்கொள்ளுங்கள். நான் செய்யப்போகும் வேலை எது? அதற்கு எவ்வளவு நினைவகம் வேண்டும், எந்தத் துல்லியம் வேண்டும்? எந்த மென்பொருளில் அதைச் செய்வேன், அம்மென்பொருள் இக்கார்டை ஏற்குமா? முடிந்தால் உங்கள் வேலையையே ஒரு சிறு மாதிரியாகக் கொண்டுபோய்க் கல்லூரியிலோ நண்பர் வீட்டிலோ இரு கார்டுகளில் ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஸ்பெக் 1989-இல் செய்ததும் அதைத்தான்.

முன்பு ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் வேறுபட்டிருந்தன. நெல் வாங்கப் போனவர் விலையைக் கேட்குமுன் ‘எந்தப் படி?’ என்று கேட்டுக்கொண்டார். ‘எத்தனை மடங்கு வேகம்’ என்று கடைக்காரர் சொல்லும்போது நாமும் அதே கேள்வியைக் கேட்கப் பழகுவோம்.